சிப்ரெஸ்: மரத்தை மறுபடியும் போட்டுப் பார்க்க ஓர் இடம்

எங்கள் ஆய்வகத்தில் வெள்ளிக்கிழமை மாலை மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டுப் போவது வழக்கம். பிஎச்டி இரண்டாம் வருடத்தில் ஒரு புதன்கிழமை, காசித்தும்பைச் செடிகளின் 96 மாதிரிகளுடைய டிஎன்ஏ வரிசைகளை, எந்த இனம் எதற்கு நெருங்கிய சொந்தம் என்று காட்டும் பரிணாம மரத்தைக் கட்டித் தரும் மிஸ்டர்பேயஸ் மென்பொருளில் கொடுத்து, அங்கிருந்த பழைய டெஸ்க்டாப்பில் ஓடவிட்டேன். திங்கள் காலை வந்து பார்த்தால் திரை இருட்டாக இருந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி மிஸ்டர்பேயஸிலேயே உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் வேலை போயிற்று என்று உட்கார்ந்திருந்தபோது, சீனியர் அக்கா ஒருவர் தன் மடிக்கணினியைத் திருப்பி சிப்ரெஸைக் காட்டினார். அன்றிலிருந்து நான்கு வருடமாக அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சிப்ரெஸ் சயின்ஸ் கேட்வே, கலிஃபோர்னியாவில் உள்ள சான் டியேகோ சூப்பர்கம்ப்யூட்டர் மையம் நடத்தும் இணைய சேவை. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2003-இல் தொடங்கிய திட்டம் இது. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் பிரவுசரில் நுழைந்து, தன் மரபணு வரிசைகளை ஏற்றி, பரிணாம மரம் கட்டும் வேலையை அங்குள்ள சூப்பர் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கலாம். எக்ஸ்பான்ஸ் என்ற அந்த இயந்திரத்தின் வழக்கமான ஒரு கணுவிலேயே, அதாவது அதற்குள் இருக்கும் ஒரு தனிக் கணினியிலேயே, கணக்குப் போடும் கோர்கள் 128 இருக்கின்றன. எங்கள் டெஸ்க்டாப்பில் இருந்தது நான்கு.

இத்தனை பலம் எதற்கு என்று என் அப்பா கேட்டார். பத்து இனங்களை எடுத்துக்கொண்டால், அவற்றை இணைத்து வரையக்கூடிய வேரில்லாத மரங்கள், அதாவது மூதாதை எந்தப் பக்கம் என்று குறிக்காத மரங்கள், 20,27,025. இருபது இனங்கள் என்றால் 22-க்குப் பின்னால் 19 சுழியம் போட வேண்டும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினியாலும் ஆகாது. மென்பொருள்கள் புத்திசாலித்தனமாகத் தேடுகின்றன, அந்தத் தேடலுக்கே இவ்வளவு கணக்கு தேவைப்படுகிறது. என்னிடம் இருந்ததோ 96 மாதிரிகள்.

பயன்படுத்தும் முறை எளிது. பதிவு செய்து, ஒரு ஃபோல்டர் திறந்து, கோப்பை ஏற்ற வேண்டும். அப்புறம் ராக்ஸ்எம்எல், மிஸ்டர்பேயஸ், பீஸ்ட், ஐக்யூ-ட்ரீ, வரிசைகளை ஒப்பி அடுக்க மாஃப்ட் என்று எந்த மென்பொருள் தேவையோ அதைத் தேர்ந்து, அது எவ்வளவு நேரம், எப்படி ஓட வேண்டும் என்ற அளவுகளைக் குறித்து ஓடவிட வேண்டும். முடிந்ததும் மின்னஞ்சல் வரும். லினக்ஸ் கட்டளை ஒன்றுகூடத் தெரியாமலே இத்தனையும் செய்யலாம். தாவரவியல் படித்து வந்த எனக்கு அது பெரிய நிம்மதி.

ஆனால் கோப்பைச் சுத்தமாகக் கொடுப்பது நம் பொறுப்பு. என் முதல் ராக்ஸ்எம்எல் வேலை ஒரே நிமிடத்தில் முடிந்ததாக அஞ்சல் வந்தது. ஆசையோடு திறந்தேன், மரம் இல்லை. பிழைச் செய்தி இருந்த கோப்பைப் படித்த பிறகுதான் புரிந்தது: மாதிரிகளின் பெயரோடு இடத்தின் பெயரையும் அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தேன். அடைப்புக்குறி, காற்புள்ளி, முக்காற்புள்ளி, இடைவெளி எதுவும் பெயரில் வரக்கூடாது, ஏனென்றால் மரத்தை எழுதும் வடிவமே அந்தக் குறிகளால் ஆனது. எல்லாவற்றையும் அடிக்கோடாக மாற்றிய பிறகு ஓடியது.

இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு எனக்குப் புரிந்தது அடுத்த வருடம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட காசித்தும்பை இனங்கள் உண்டு. பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. ஈரப் பாறையில் ஒட்டி, தண்டே இல்லாமல், கிழங்கிலிருந்து இலையும் பூவும் விடும் ஸ்காபிஃப்ளோரா ஒரு வகை. நீலகிரியில் சாலையோரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் புதர்ச்செடி லெஷெனால்டி இன்னொரு வகை. என் மரத்தில் ஸ்காபிஃப்ளோரா மாதிரி ஒன்று லெஷெனால்டி கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது, 98 பூட்ஸ்ட்ராப் ஆதரவோடு. தரவை மாற்றி மாற்றி எடுத்து மரம் போட்டாலும் நூற்றுக்கு 98 தடவை அதே கூட்டம் வந்தது என்று பொருள்.

கைடு மேடம் பார்த்ததும், "கலப்பினமா இருக்குமோ?" என்றார். எனக்கும் நெஞ்சு படபடத்தது. கலப்பினம் என்றால் அதுவே தனிக் கட்டுரை. டெஸ்க்டாப்பை மட்டும் நம்பியிருந்த காலமாக இருந்தால், கிடைத்த ஒரு மரத்தை வைத்துக்கொண்டு விளக்கம் எழுத ஆரம்பித்திருப்பேன். இப்போது அப்படியில்லை, அன்று மதியமே வரிசைகளைப் பிரித்து இரண்டு வேலைகளாக அனுப்பினேன். உட்கருவில் இருக்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதி தனியாக, பசுங்கணிக டிஎன்ஏ பகுதி தனியாக. கலப்பினமாக இருந்தால் இரண்டும் பெரும்பாலும் முரண்படும். பசுங்கணிகம் இந்தச் செடிகளில் பொதுவாகத் தாய்வழி வருவது, உட்கரு இருவழியும் வருவது. இரண்டு மரங்களும் அந்த மாதிரியை அதே லெஷெனால்டி கூட்டத்தில்தான் வைத்தன. கலப்பின ஆசை அதோடு போயிற்று. சிலிகா ஜெல் பையிலிருந்த காய்ந்த இலையை எடுத்து மறுபடி டிஎன்ஏ பிரித்து வரிசைப்படுத்தினேன். முதல் தடவை குழாயில் ஒட்டிய சீட்டு மாறியிருக்கிறது. புது வரிசையோடு மூன்றாவது மரம் போட்டபோது, ஸ்காபிஃப்ளோரா தன் கிழங்குச் சொந்தங்களோடு சேர்ந்தது.

வேகம் என்பதை விட, சந்தேகம் வந்தால் மறுபடி போட்டுப் பார்க்கலாம் என்ற தைரியத்தைத்தான் நான் இந்தச் சேவையின் முதல் நன்மையாகச் சொல்வேன். நாள் கணக்கில் காத்துக் கிடைத்த முடிவைச் சந்தேகிக்க மனது வராது.

குறைகளும் உண்டு. பக்கங்களின் தோற்றம் பழையது. அளவுகள் குறிக்கும் இடத்தில் விளக்கம் போதாமல் புதியவர்கள் திணறுவார்கள். ஒரு வேலைக்கு அதிகபட்சம் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள். நாம் குறித்த நேரம் தீர்ந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். கணக்கு கோர்-மணியில் போகிறது: எட்டு கோர்களில் மூன்று மணி நேரம் ஓடினால் 24 கோர்-மணி. இலவசமாகக் கிடைப்பதற்கு ஆண்டு உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் பணம் கட்ட வேண்டும். பெரிய ஜீனோம் வேலை செய்பவர்களுக்கு இது போதாது. ஒரு மரபணு, முப்பது மாதிரி என்றால் சிப்ரெஸ் தேவையே இல்லை, சொந்தக் கணினியில் ஐக்யூ-ட்ரீ போதும்.

நடுவில் நிற்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் குறைந்த தலைமுறைகளோடு, அதாவது தேடலின் குறைந்த படிகளோடு, ஒரு சோதனை ஓட்டம் விடுங்கள், அதைப் பார்த்து நேரம் குறியுங்கள். மிஸ்டர்பேயஸ் என்றால் கோப்பிலேயே ஆட்டோகுளோஸ் கட்டளையைச் சேருங்கள், இல்லாவிட்டால் ஓட்டம் முடிந்த இடத்தில் "தொடரவா?" என்று கேட்கும், பதில் சொல்ல அங்கே ஆளில்லை. அஞ்சல் வந்தவுடன் மரத்தைத் திறக்காதீர்கள். மிஸ்டர்பேயஸ் ஒரே வேலையை இரண்டு தனி ஓட்டங்களாக விடும்; இரண்டும் ஒரே மாதிரி மரங்களுக்கு வந்து சேர்ந்தனவா என்று காட்டும் பிளவு அலைவெண் விலகல் 0.01-க்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிட்டு, தலைமுறைகளைக் கூட்டி மறுபடி அனுப்புங்கள்.

சரி, எனக்கு இன்று ஒரு பீஸ்ட் வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைதான். மெயின் சுவிட்சை நானே அணைத்துவிட்டு வந்தேன்.