கேனான்ல இருந்து சோனிக்கு மாறலாமா? ஒரு கல்யாண ஃபோட்டோகிராஃபரோட லென்ஸ் கணக்கு

ஆடி மாசம் எங்களுக்கு வேலை இருக்காதுங்க. முகூர்த்தம் இல்ல, மண்டபம் பூட்டிக் கெடக்கும், கேமராக்காரனுக்கு பொழுதுக்கும் யூட்யூப் தான். போன ஆடியில அப்படி உக்காந்து உக்காந்து பாத்து தான் மிரர்லெஸ்க்கு (உள்ள கண்ணாடி இல்லாத புது வகை கேமரா) மாறியே ஆகணும்ங்கற வியாதி எனக்கும் தொத்திக்கிச்சு.

எனக்கு ஊரு கோபி. அந்தியூர்ல இருந்து சத்தி வரைக்கும் கல்யாணம், காதுகுத்து, புண்ணியார்ச்சனைன்னு ஓடிட்டு இருக்கேன். 2013ல வாங்குன கேனான் 6டிங்கற டிஎஸ்எல்ஆர் (உள்ள கண்ணாடி வச்ச பழைய வகை) வச்சே காலத்த ஓட்டுனவன். அதுல கார்டு ஸ்லாட்டு ஒண்ணே ஒண்ணு, தாலி கட்டுற நேரத்துல கார்டு போச்சுன்னா என்ன பண்றதுன்னு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் வயித்துல புளியக் கரைக்கும். ஃபோகஸ் பாயிண்ட் 11, அதுலயும் நடுவுல இருக்கறத தான் நம்பலாம். கூட இருந்த லென்ஸ்: டாம்ரன் 24-70 எஃப்2.8, கேனான் 70-200 எஃப்2.8 ரெண்டாவது வெர்ஷன், 85 எஃப்1.8, அப்புறம் எல்லாரு பையிலயும் கெடக்குமே அந்த 50 எஃப்1.8. (எஃப் நம்பர் கொறைய கொறைய லென்ஸ் வெளிச்சத்த அதிகமா உள்ள விடும்.) நாலும் ஈஎஃப் மவுண்ட், அதாவது கேனான் டிஎஸ்எல்ஆரோட லென்ஸ் மாட்டற வாய்க்கு செஞ்சது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா என் முடிவு பூரா இந்த நாலு லென்ஸ சுத்தி தான், கையில லென்ஸே இல்லாதவங்களுக்கு கணக்கு வேற.

ஃபோட்டோ குவாலிட்டி பத்தி நான் ஒண்ணும் எழுதப்போறதில்லைங்க. இன்னைக்கு எந்த கம்பெனி ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமரா எடுத்தாலும் 12க்கு 36 ஆல்பத்துல பிரிண்ட் போட்டா பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. கண்ணுல ஃபோகஸ் புடிக்கறது எல்லாத்துலயும் நல்லாவே வந்துருச்சு. அதுக்கு மேல அதுல பேச ஒண்ணுமில்ல.

ஃபுஜிய அரை நாள் தான் கையில புடிச்சேன், ஃப்ரெண்டோடது. கலர் அவ்வளவு அழகு, கேமராவும் கையடக்கம். ஆனா அந்த எக்ஸ் மவுண்ட் பூரா அத விட சின்ன ஏபிஎஸ்-சி சென்சாருக்கு தான், எங்கூட்டு லென்ஸ் எல்லாம் ஃபுல் ஃப்ரேமுக்கு வாங்குனது, அதனால அதிகம் யோசிக்கல. அரை நாள்ல ஒரு சிஸ்டத்த பத்தி தீர்ப்பு சொல்றது நியாயமும் இல்ல.

நிகான் கதை எங்க மாமாவால தெரிஞ்சுது. கவுந்தப்பாடியில இருக்காரு, காலம் பூரா நிகான் தான். நிகானோட எஃப் மவுண்ட் 1959ல இருந்து வருது, 2018ல இசட் மவுண்ட் கொண்டாந்தப்ப பழைய லென்ஸ மாட்ட எஃப்டிஇசட்னு ஒரு அடாப்டரும் விட்டாங்க. மாமா கிட்ட 80-200 எஃப்2.8னு ஒரு ஏஎஃப்-டி லென்ஸ், இரும்புக் குண்டு மாதிரி. அந்த வகை லென்ஸுக்குள்ள மோட்டார் கெடையாது, கேமராவுல இருக்கற மோட்டார் தான் ஒரு திருகு வழியா ஃபோகஸ திருப்பும். எஃப்டிஇசட்ல அந்த மோட்டார் இல்ல. அதனால மாட்டலாம், ஃபோட்டோவும் வரும், ஆனா ஃபோகஸ் கையில தான் திருப்பணும். புது ஏஎஃப்-எஸ் லென்ஸ் வச்சிருக்கறவங்களுக்கு இந்த அக்கப்போரு இல்ல. மாமா கேட்டாரு, "ஏன் மாப்ள, அறுவது வயசுல நான் கையில திருப்பிட்டு நிக்கோணுமா?" அவரு இன்னும் டிஎஸ்எல்ஆர் தான்.

ஆக எனக்கு நெஜமா போட்டி சோனிக்கும் கேனானுக்கும் தான்.

சோனி பக்கம் இழுத்தவரு ஈரோட்டுல இருக்கற ஒரு அண்ணன், தொழில்ல எனக்கு மூத்தவரு. அவரு சொல்றதுல தப்பே இல்ல. சோனி 2010ல ஈ மவுண்ட் கொண்டாந்துச்சு, மறு வருசமே அதோட அடிப்படை விவரத்த மத்த லென்ஸ் கம்பெனிகளுக்கு காசு வாங்காம குடுத்துருச்சு. அதோட பலன இன்னைக்கு பாக்கறோம், சிக்மா, டாம்ரன், சாம்யாங், வில்ட்ராக்ஸ்னு எல்லாரும் செய்யறாங்க. 24-70 எஃப்2.8 சோனியோட ஒசந்த ஜிஎம் வரிசையில வேணும்னா நான் விசாரிச்சப்ப 2 லட்சத்த ஒட்டி ஆச்சு, ஆனா டாம்ரன் 28-75 எஃப்2.8 75 ஆயிரம், அதுவும் 540 கிராம் தான். கேனானோட மிரர்லெஸ் மவுண்ட் ஆர்எஃப்ல இந்த நடுவாந்தர வெலையில எஃப்2.8 ஜூம் ரொம்ப நாள் இல்லவே இல்ல. ஒண்ணு சிவப்பு வளையம் போட்ட ஒசந்த வெலை எல் லென்ஸ், இல்லன்னா எஃப்7.1, எஃப்8னு இருட்டு லென்ஸ். 2022ல வில்ட்ராக்ஸ் ஆர்எஃப் மவுண்ட்டுக்கு செஞ்சுட்டு இருந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ கேனான் நிறுத்தச் சொல்லிருச்சு. 2024 ஏப்ரல்ல தான் சிக்மாவுக்கும் டாம்ரனுக்கும் கதவ தொறந்தாங்க, அப்பவும் அறிவிச்சது பூரா ஏபிஎஸ்-சி லென்ஸ் தான். அதே வருசம் கேனானே 28-70 எஃப்2.8 எஸ்டிஎம் விட்டுச்சு, 495 கிராம், 1 லட்சத்துக்கு பக்கம். பரவால்ல, ஆனா டாம்ரன விட வெலை எச்சு தான்.

இத எல்லாம் கேட்டுட்டு நானும் சோனின்னு முடிவு பண்ணிட்டேன். நாலு லென்ஸையும் பையில போட்டுட்டு கோயமுத்தூர் பஸ் ஏறுனேன், காந்திபுரம் பக்கம் பழைய கேமரா வாங்கி விக்கற கடைக்கு.

கடைக்காரரு ஒவ்வொண்ணா எடுத்து மொபைல் டார்ச் அடிச்சு பாத்தாரு, மவுண்ட்டுல தேய்மானம் பாத்தாரு, காகிதத்துல எழுதுனாரு. 24-70க்கு 28, 70-200க்கு 60, 85க்கு 13, அம்பதுக்கு 4. மொத்தம் 1,05,000. அந்த 70-200 ஒண்ணே நான் வாங்கறப்ப அதுக்கு மேல.

"ஏனுங்ணா, இவ்வளவு தானுங்களா?"

"தம்பி, ஈஎஃப் யாருங்க இப்ப கேக்கறாங்க? எல்லாரும் வித்துட்டு தான் போறாங்க. அங்க பாருங்க."

பின்னால கண்ணாடி ரேக்கு, மேல இருந்து கீழ வரைக்கும் ஈஎஃப் லென்ஸா நிக்குது. 24-105 மட்டும் ஏழெட்டு இருக்கும்.

அங்கயே ஒரு டீ குடிச்சுட்டு மொபைல்ல கணக்கு போட்டேன். சோனில இதே நாலுக்கு ஈடா எடுக்கணும்னா டாம்ரன் 28-75 ஒரு 75, டாம்ரன் 70-180 எஃப்2.8 சுமாரா 1 லட்சம், சோனி 85 எஃப்1.8 ஒரு 45, 50 எஃப்1.8 ஒரு 20. ஆக மொத்தம் 2,40,000. வித்து வர்ற 1,05,000 போக கையில இருந்து 1,35,000 போடணும், அதுவும் கேமரா பாடி வாங்கறதுக்கு முன்னால. எங்க ஃப்ளாஷ் எல்லாம் கோடாக்ஸ், அத கேமராவுல இருந்து அடிக்க வைக்கற ட்ரிக்கர் கேனானுக்கு தனி, சோனிக்கு தனி, அதும் மாத்தணும். இவ்வளவும் செலவழிச்சு எனக்கு புதுசா என்ன கிடைக்குதுன்னு பாத்தா அதே 24-70, அதே 70-200, அதே 85. (அந்தந்த மாச ஆஃபர பொறுத்து இந்த ரேட்டெல்லாம் முன்ன பின்ன ஆகும், நான் விசாரிச்ச அன்னைக்கு இருந்தது இது.)

அப்ப தான் அந்த ரேக்கு எனக்கு வேற மாதிரி தெரிஞ்சுது. விக்கப் போனவனுக்கு தான் அது எழவு வீடு. வாங்கறவனுக்கு நோம்பி.

இங்க அடாப்டர் விசயத்த கொஞ்சம் விளக்கணும். டிஎஸ்எல்ஆர்ல லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல கண்ணாடி தூக்கி அடிக்க எடம் வேணும், அதனால ஈஎஃப் மவுண்ட்டுல அந்த தூரம் 44 மில்லிமீட்டர். கண்ணாடிய எடுத்துட்ட ஆர்எஃப்ல 20 மில்லிமீட்டர். நடுவுல மிச்சம் 24 மில்லிமீட்டர், அந்த எடைவெளிய ரொப்பறதுக்கு தான் ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டர். உள்ள லென்ஸ் கண்ணாடி எதுவும் கெடையாது, வெறும் வளையம், கூட மின்சாரம் போக பின்னு. ரெண்டு பக்கமும் ஒரே கம்பெனிங்கறதால கேமராவும் லென்ஸும் ஒரே பாஷை பேசும். சோனிலயும் ஈஎஃப் மாட்ட அடாப்டர் இருக்கு, அண்ணன் கூட ஒண்ணு வச்சிருந்தாரு, நான் போட்டுப் பாத்தப்ப ஃபோட்டோவுக்கு ஓரளவு ஓடுச்சு, வீடியோவுல ஃபோகஸ் தடுமாறுச்சு. அவரு அடாப்டரோட ராசியா பொதுவா அப்படியான்னு ஒரு நாள் டெஸ்ட்ட வச்சு சொல்ல முடியல.

கடைசியில கேனானோட மிரர்லெஸ் ஆர்6 பாடி ஒண்ணு செகண்ட்ஹேண்ட்ல 1 லட்சத்துக்கு கொஞ்சம் மேல குடுத்து எடுத்தேன், அடாப்டர் ஒரு 9 ஆயிரம். லென்ஸ் செலவு சைபர். 6டியோட பேட்டரி எல்லாம் இதுலயும் ஏறுச்சு, அது ஒரு மிச்சம்.

நான் எதிர்பாக்காதது அந்த 85. 1992ல வந்த லென்ஸ் அது. 6டில எஃப்1.8ல எடுத்தா பத்துக்கு நாலு படம் மூக்கு நுனியிலயோ காதுலயோ ஃபோகஸ் நிக்கும், லென்ஸ் தான் மட்டம்னு நெனச்சு எஃப்2.8க்கு கீழ வைக்கவே மாட்டேன். விசயம் என்னன்னா டிஎஸ்எல்ஆர்ல ஃபோகஸ் பாக்கறது ஒரு தனி சென்சார், படம் விழறது இன்னொரு சென்சார், ரெண்டுக்கும் நடுவுல மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் போச்சு. மிரர்லெஸ்ல படம் விழற சென்சாரே ஃபோகஸும் பாக்குது, அதனால அந்த வித்தியாசத்துக்கே எடமில்ல. ஆவணியில மொத கல்யாணம், விடியக்கால முகூர்த்தம், சீரு நடக்குது, பொண்ணு குனிஞ்சு உக்காந்திருக்குது, 85ல எஃப்1.8 வச்சு தைரியமா அடிச்சேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல 100 பர்சன்ட் பெருசு பண்ணி பாத்தா இமை முடி ஒவ்வொண்ணா எண்ணலாம். பத்து வருசமா திட்டிட்டு இருந்த லென்ஸுங்க அது! பாடிக்குள்ளயே ஸ்டெபிலைசேசன் இருக்கறதால கை ஆட்டமும் கொறஞ்சிருச்சு. குறையும் சொல்லணும், வெள்ளித் தட்டு, மூக்குத்திக் கல்லு மேல லைட் பட்டா ஓரத்துல ஊதா கலர் வழியும், புது 85கள்ல அது அவ்வளவு இருக்காது.

மிச்சமான காசுல அதே ரேக்குல இருந்து 35 எஃப்2 ஐஎஸ் ஒண்ணு எடுத்தேன், 18 ஆயிரம். எங்க பக்கம் அருமைக்காரரு (கல்யாணச் சீரு நடத்தி வைக்கறவரு) சீரு செய்யறப்ப சொந்தபந்தம், ஒரம்பரை எல்லாம் மணமேடைய சுத்தி நெருக்கியடிச்சு நிப்பாங்க, பின்னால நகர எடமே இருக்காது, அங்க 35 தான் சோறு போடும். மொதல்ல எடுத்துக் குடுத்த பீஸ்ல டார்ச் அடிச்சா உள் கண்ணாடி ஓரத்துல செலந்தி வலை மாதிரி மெல்லிசா ஒரு நூலு, ஃபங்கஸ். ரெண்டாவது பீஸ் சுத்தம். செகண்ட்ஹேண்ட் ஈஎஃப் எடுக்கறவங்க டார்ச்ச பின்னால இருந்து சாய்ச்சு அடிச்சு பாருங்க, நேரா அடிச்சா தெரியாது.

இழந்ததும் இருக்குங்க. கனம் மொதல்ல. என் 70-200 ஒண்ணரை கிலோ, அடாப்டர் 110 கிராம், டாம்ரன் 70-180 அதுல பாதி தான். ராத்திரி ரிசப்சன்ல ஆரம்பிச்சு மறுநாள் பந்தி வரைக்கும் தூக்குனா தோள்பட்டை கழண்டுரும். பேட்டரியும் சோனி பக்கம் தான் கெட்டி, கம்பெனி கணக்குலயே சோனி ஏ7 மார்க் 3க்கு 710 படம், ஆர்6க்கு 510. வீடியோவ முழு நேரமா எடுக்கறவங்களுக்கு ஆர்6 வேண்டாம், 4கே 60ல 23 டிகிரி வெப்பத்துல அரை மணி நேரம் தான்னு கேனானே சொல்லிருக்கு, நம்மூரு சித்திரை வெயில்ல என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. ஈஎஃப் லென்ஸ ஒவ்வொண்ணா நிறுத்திட்டும் வர்றாங்க, அஞ்சு வருசம் கழிச்சு ரிப்பேருக்கு ஸ்பேர் கிடைக்குமாங்கறதுக்கு எங்கிட்ட உத்தரவாதம் இல்ல.

நம்பியூர்ல இருந்து ஒரு தம்பி எங்கூட செகண்ட் கேமராவுக்கு வர்றான். கையில ஒரு லென்ஸும் இல்லாம ஆரம்பிச்சவன். அவனுக்கு நானே கூட போய் பழைய ஏ7 மார்க் 3யும் டாம்ரன் 28-75ம் எடுத்துக் குடுத்தேன். ஒண்ணுமில்லாதவனுக்கு சோனி தான், அதுல எனக்கு ரெண்டு கருத்தில்ல.

போன வைகாசியில பரியூர் பக்கம் ஒரு கல்யாணம். சீர்த்தட்டு வரிசை வர்றப்ப யாரோ இடிச்சு அவன் கையில இருந்து லென்ஸோட கேமரா கீழ விழுந்து ஜூம் இறுகிக்கிச்சு. என் பையில அஞ்சு லென்ஸ் இருக்கு, ஒண்ணும் அவனுக்கு ஏறாது. நான் முழிக்கறதுக்குள்ள அவன் போய் வீடியோ எடுத்துட்டிருந்த பையன் கிட்ட ஒரு 24-70 வாங்கிட்டு வந்துட்டான், ரெண்டே நிமிசம். மண்டபத்துல இருந்த வீடியோ கேமரா மூணுமே சோனி. என்னோடது விழுந்திருந்தா அன்னைக்கு கேக்கறதுக்கு ஆளில்ல. அந்த வாரமே கோயமுத்தூர் போயி ரேக்குல இருந்து ஈஎஃப் 24-105 ஒண்ணு 20 ஆயிரத்துக்கு எடுத்து ஸ்பேரா வண்டியில போட்டுட்டேன்.