எஞ்சின் அறைக்காகவே இரண்டு முறை டிக்கெட்: விசாகப்பட்டினம் குர்சுரா

சென்னையிலிருந்து பூரிக்குக் காரில் போகிற வழியில் விசாகப்பட்டினத்தில் தங்கினோம். ஏறக்குறைய 800 கிலோமீட்டர் ஓட்டிவந்த மகனுக்குத் தூக்கம் வேண்டும், பேரனுக்குக் கடல் வேண்டும். எனக்கு ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும். பஸ் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் டீசல் எஞ்சின் பிரித்துப் பூட்டியவன் நான். சோவியத் நாட்டில் கட்டிய இந்த நீர்மூழ்கி 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றிருக்கிறது. என்னைவிட ஒரு வருடம் சர்வீஸ் குறைவு.

விசாரிக்காமல் காலையிலேயே போய் நின்றது எங்கள் தவறு. செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்குத்தான் திறந்தார்கள். திங்களன்று விடுமுறையாம்.

நீளம் 91 மீட்டர். எட்டு பஸ்களை வரிசையாக நிறுத்தினால்கூடக் கொஞ்சம் மிச்சமிருக்கும். உள்ளே போனாலோ, ஒரு பஸ்ஸில் சீட்டுகளுக்கு நடுவே இருக்கும் வழிதான் மொத்த நடைபாதையும். அறைக்கு அறை வட்டமான இரும்பு வாசல். காலை முதலில் விட்டு, குனிந்து, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். நான் தலையை முதலில் நீட்டி, வழுக்கையில் ஒரு புடைப்பை வாங்கிக்கொண்டேன். மூட்டு வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள். என் மனைவி வெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோவை ஏவும் குழாய்கள் முன்னால் ஆறு, பின்னால் நான்கு. பேரன் அங்கேயே ஒட்டிக்கொண்டான். சீருடை மாட்டிய பொம்மைகள் ஆங்காங்கே நிற்கின்றன. இத்தனை நெருக்கடியில் வேலை செய்தவன் சட்டை கசங்காமல் இருப்பானா?

எஞ்சின் அறைக்கு வந்ததும் என் கால் நகரவில்லை. மூன்று டீசல் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 2000 குதிரைத்திறன். நான் கையாண்ட பஸ் எஞ்சின்கள் பெரும்பாலும் 150-ஐ எட்டியதில்லை. “வால்வு இடைவெளி பார்க்க எங்கே நிற்பீர்கள்?” என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் கேட்டேன். வழிகாட்டி கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். சிரித்துவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு, இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே ஒரு தோளை மட்டும் செருகிக் காட்டினார். மறு தோளுக்கு இடமில்லை. “ஓடும்போது இங்கே பேச்சே கேட்காது சார், கைச் சைகைதான்” என்றார்.

டீசலுக்குக் காற்று வேண்டும். அதனால் ஆழத்தில் பேட்டரிதான் மோட்டாரைச் சுழற்றும். பேட்டரியில் சார்ஜ் தீர்ந்ததும் மேலே வந்து, காற்று இழுக்கும் ஸ்நார்க்கல் குழாயை நீருக்கு வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற வேண்டும். எதிரி கண்ணில் படும் நேரம் அதுதான். ஏறக்குறைய 75 பேருக்குக் குடிக்கவே தண்ணீர் அளவாம். துவைக்க வழியில்லாததால் உடுத்திக் கழித்துவிடும் துணிகளாம்.

1971 போரில் குர்சுரா அரபிக்கடலில் ரோந்து போயிருக்கிறது. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியோ நம் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடி எங்கள் சென்னைக் கடல் பக்கம் வந்து, பிறகு விசாகப்பட்டினத்துக்கு வந்து, டிசம்பர் 3-4 இரவில் இதே கரைக்கு அப்பால் மூழ்கியது. நம் ராஜ்புத் கப்பல் போட்ட குண்டுகளால் என்கிறோம் நாம். உள்ளே நடந்த விபத்து என்கிறார்கள் அவர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த இரும்பு வாசலில் மாட்டிக்கொண்ட எனக்கு அதைக் கேட்டதும் தொண்டை அடைத்தது.

எதிர்ப்புறம் கடற்படையின் பழைய கண்காணிப்பு விமானமான டி.யு.-142-உம் இருக்கிறது. நான்கு எஞ்சின்களில் எட்டு புரொபெல்லர், ஒவ்வொரு ஜோடியும் எதிரெதிர்த் திசையில் சுழலுமாம். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மனம் அங்கே நிற்கவில்லை.

பூரியிலிருந்து திரும்பும்போது மகன் முணுமுணுத்தும் மறுபடி டிக்கெட் எடுத்தேன். அதே வழிகாட்டி. என்னைக் கண்டதும் டார்பிடோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நேரே எஞ்சின் அறைக்கு நடந்தார்.