பிராந்திய உள்ளீடு-வெளியீடு அட்டவணை: எளிய விகிதமா, ஃபிளெக் சூத்திரமா?

எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டுவதே உள்ளீடு-வெளியீடு அட்டவணை. நேரடிக் கணக்கெடுப்புக்குப் பணமில்லாதபோது தேசிய அட்டவணையைத்தான் பிராந்தியத்துக்கு வெட்டித் தைக்கிறோம். எளிய அமைவிட விகிதம் பார்ப்பது ஒன்றே: ஒரு துறையின் வேலைவாய்ப்புப் பங்கு நாட்டில் உள்ள அளவுக்கு இங்கும் இருக்கிறதா? இருந்தால் தேசியக் குணகம் (ஒரு ரூபாய் உற்பத்திக்கு அந்தத் துறையிடம் வாங்கும் அளவு) அப்படியே வந்துவிடும். ஆனால் மரப்பலகை விற்கும் ஊர் வெளியிலிருந்து மரப்பலகை வாங்கவும் செய்யும். அது இம்முறையின் கண்ணில் படாது. கணக்கில் இறக்குமதி குறைந்து, பெருக்கிகள் (ஒரு ரூபாய் கூடுதல் தேவை பகுதியின் மொத்த உற்பத்தியை எவ்வளவு கூட்டும் என்ற எண்கள்) ஊதிவிடும்.

1995இல் வந்த, பொருளியலாளர் ஃபிளெக்கின் பெயரிலான சூத்திரம் வாங்கும் துறையையும் பிராந்தியத்தின் அளவையும் கணக்கில் கொள்கிறது. தேசிய வேலைவாய்ப்பில் 3% கொண்ட பகுதிக்கு, டெல்டாவை (சிறிய பகுதிக்கு எவ்வளவு கடுமையாகக் குறைப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கும் அடுக்கு எண்) 0.25 என வைத்தால், விகிதம் ஏறத்தாழ 0.45ஆல் பெருக்கப்படும். கடுமைதான், ஆனால் பின்லாந்தின் 20 பிராந்தியங்களுக்கான கணக்கெடுப்பு அட்டவணைகளோடு ஒப்பிட்டபோது இதுவே நெருங்கி வந்தது. டெல்டாவை எவ்வளவு என்று வைப்பது? அதுதான் தீராத தலைவலி. ஆனாலும் சிறிய பகுதிக்கு நான் ஃபிளெக்கையே எடுப்பேன்.