ஆய்வுச் சுருக்கத்தைத் திருத்தித் தருவதாக ரூ.14,500 வாங்கி ஏமாற்றினார்கள்: மருத்துவத் துறையினர் கவனத்திற்கு

மாநாட்டுக்கான ஆய்வுச் சுருக்கங்களைத் திருத்தித் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு சேவையிடம் ரூ.14,500 இழந்திருக்கிறேன். பணம் போனதைவிட, அவர்கள் எங்கள் நோயாளிகளின் தரவில் கைவைத்ததுதான் மனத்தைக் கொதிக்க வைக்கிறது.

செவிலியர் தொடர்ந்து வழங்கும் ஆலோசனை, சர்க்கரை நோயாளிகளின் ஹெச்பிஏ1சி அளவை (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) குறைக்கிறதா என்று இரு குழுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தோம். வேறுபாடு தற்செயலானதா என்று மதிப்பிட உதவும் பி மதிப்பு 0.09 என்று வந்தது; வழக்கமாக அது 0.05-க்குக் கீழே இருக்க வேண்டும். அதாவது, வேறுபாடு உறுதிப்படவில்லை. அதை மாநாடு கேட்ட 250 சொற்களுக்குள் அடக்கித் தருவது மட்டுமே நான் ஒப்படைத்த வேலை. தொலைபேசியில் பேசிய ஒருங்கிணைப்பாளர், ஆய்வுச் சுருக்கங்களுக்கென 2008-இல் வெளியான கன்சார்ட் வழிகாட்டுதலை (மருத்துவப் பரிசோதனை முடிவுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்வது) தாமாகவே குறிப்பிட்டு, எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேரின் தரவு பகுப்பாய்வுக்கு வந்தது, நம்பிக்கை இடைவெளி (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்பு) என்ன, இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சிடிஆர்ஐ-இல் பதிவு எண் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். ஆய்வு செய்து பழகியவர்தான் இப்படிக் கேட்பார் என்று நம்பி, முழுத் தொகையையும் அப்போதே செலுத்தினேன்.

அனுப்புவதற்கான கடைசி நாளுக்கு முந்தைய இரவில்தான் கோப்பு வந்தது. பி மதிப்பு 0.03 ஆக மாறியிருந்தது. இடையில் விலகிய நோயாளிகளைப் பற்றிய வரியைக் காணவில்லை. ஆலோசனையின் பலன் நிரூபிக்கப்பட்டதாக முடிவுரை அறிவித்தது. இதற்குத் தரவு மோசடி என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அது அப்படியே போயிருந்தால், நெறிமுறைக் குழுவின் முன் நானும் என் வழிகாட்டியும்தான் நின்றிருப்போம். நான் முதலில் எழுதிய சுருக்கத்தையே, 0.09 என்ற மதிப்புடன், அவசரமாகக் குறைத்து அனுப்பினேன்.

விளக்கம் கேட்டதற்கு, "மாநாட்டில் ஏற்கப்படும் வாய்ப்பைக் கூட்டத்தான் செய்தோம்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ஒரு புகார் எண் தந்தார்கள். பிறகு, கோப்பை ஒப்படைத்துவிட்டதால் விதிப்படி திருப்பித் தர இயலாது என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது. அந்த ஒருங்கிணைப்பாளர் இப்போது என் அழைப்பை எடுப்பதே இல்லை. ரூ.14,500-க்கு அவர்கள் கொடுத்த ரசீதில் முகவரிகூட இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். மாநாட்டில் ஏற்பு உறுதி என்பவர்களை நம்பாதீர்கள். யார் திருத்தித் தந்தாலும், ஒவ்வொரு எண்ணையும் உங்கள் மூலத் தரவோடு ஒப்பிடாமல் அனுப்பாதீர்கள்.