டிராஃபிக் ஏறுது என்று பிடிஎஃப் அனுப்புகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

சொந்தமாக வெப்சைட் வைத்துப் பொருள் விற்கிறவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள்.

நாங்கள் சென்னிமலைப் போர்வைகளை ஆன்லைனில் விற்கிறோம். ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி, "விசிட்டரை மாசாமாசம் ஏத்திக் காட்டுறோம்" என்று சொல்லி வேலையை எடுத்தது. மாதம் பிறந்தால் ஏறுமுகமான கோட்டோடு பிடிஎஃப் வரும், கூடவே பில்லும் வரும். ஆர்டர் மட்டும் நகரவே இல்லை. கேட்டால், "ஆளைக் கூட்டிட்டு வர்றதுதாங்க எங்க வேலை. வாங்கலைன்னா உங்க ரேட்டு ஜாஸ்தி" என்றார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் விலையைக் குறைத்தோம், தறிக்காரர்களிடம் கூடுதலாகச் சரக்கும் சொன்னோம். அது இன்னும் குடோனில் கிடக்கிறது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பலமுறை கேட்ட பிறகு, தளத்துக்கு எத்தனை பேர், எங்கிருந்து வருகிறார்கள் என்று காட்டும் கூகுள் அனலிடிக்ஸில் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தார்கள். ஊர்வாரியாகத் திறந்தால் சேலம், திருப்பூர் எல்லாம் அடியில். உச்சியில் ஆஷ்பர்ன், போர்ட்மன், கவுன்சில் பிளஃப்ஸ். மூன்றும் அமெரிக்காவில் பெரிய டேட்டா சென்டர்கள், அதாவது ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர்களை அடுக்கிவைத்த கட்டடங்கள், உள்ள ஊர்கள். அங்கிருந்து போர்வை வாங்க யார் வருவார்கள்? வந்ததெல்லாம் 'டைரக்ட்' (எந்த வழியாக வந்தது என்றே தெரியாதவை), முகப்புப் பக்கம் மட்டும், நின்ற நேரம் ஒரு நொடிகூட இல்லை. 10 நொடிக்கு மேல் நின்றாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியமெனக் குறித்த செயலைச் செய்தாலோதான் கூகுள் அதை உருப்படியான வருகையாக எண்ணும். தெரிந்த பாட்களை, அதாவது ஆளில்லாமல் தானாகத் தளத்தைத் திறக்கும் புரோகிராம்களை, அதுவே கழித்துவிடும். சாதாரண குரோம் பிரவுசர் மாதிரி வேஷம் போட்டு வருகிறவை தப்பிவிடுகின்றன.

தளத்தில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் போட்டு வருமானம் பார்க்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. இப்படிப்பட்ட போலி வருகைக்கு கூகுள் விளம்பரத்தைக் குறைக்கும், கணக்கையே முடக்கவும் செய்யும்.

அனலிடிக்ஸ் கணக்கை உங்கள் ஜிமெயிலில் நீங்களே திறந்து, ஏஜென்சிக்கு அதில் அனுமதி கொடுங்கள். எங்களுடையதை அவர்கள் தங்கள் கணக்கில் திறந்திருந்தார்கள். அட்மின் உரிமை கேட்டதும், "அது எங்க கம்பெனி பாலிசிங்க" என்று போனை வைத்துவிட்டார்கள். டொமைன் (தளத்தின் முகவரி) எங்கள் பெயரில் இருந்ததால், கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலையாவது திறக்க முடிந்தது. 16 மாதக் கணக்கு அதில் இருக்கிறது. கூகுள் தேடலிலிருந்து வந்த கிளிக்குகள், ஏஜென்சி வந்த நாளிலிருந்து ஏறவே இல்லை.