பொழுதுபோக்குத் துறை மேலாண்மைப் பட்டம்: எந்தப் பாடத்துக்காகச் சேரலாம்?

முதல் ஆண்டைப் பொறுத்தவரை இதற்கும் சாதாரண பி.பி.ஏ.வுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதே கணக்கியல், அதே புள்ளியியல். மார்க்கெட்டிங் வகுப்பில் மட்டும் சோப்பு விளம்பரத்துக்குப் பதில் சினிமா டிரெய்லர் ஓடும். இந்தப் பட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டென்றால் அது ஒப்பந்தம், உரிமை, ராயல்டி என்ற மூன்றில்தான். பாடத்திட்டத்தில் இவை ஒரே ஒரு தாளுக்குள் அடக்கப்பட்டிருந்தால் யோசித்துச் சேருங்கள்.

நல்ல பாடத்திட்டம் வசூல் பங்கீட்டை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட வைக்கும். ஒரு படத்தால் விநியோகஸ்தர் கைக்கு 100 ரூபாய் வருகிறது என்று வையுங்கள். விநியோகக் கட்டணம் 30 சதவீதம். விளம்பரம், பிரதிச் செலவு 35. வட்டியோடு தயாரிப்புக் கடன் 40. கட்டணத்தை மொத்தத் தொகையில் கழித்தால் மிச்சம் 70. அதில் 35 போனால் 35. கடனை அடைக்க இன்னும் 5 வேண்டும். நிகர லாபத்தில் பங்கு எழுதி வாங்கியவருக்கு ஒரு காசு வராது. இதையே வரிசை மாற்றி, விளம்பரச் செலவு போக மிஞ்சும் 65-க்கு 30 சதவீதம் போட்டால் கட்டணம் 19.5-ஆகக் குறைகிறது, கடைசியில் 5.5 லாபம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் ஒரே வரிதான் வேறு. மாணவர்கள் சறுக்குவதும் இங்கேதான்: சதவீதத்தைப் பார்ப்பார்கள், எதன் மீதான சதவீதம் என்று பார்க்க மாட்டார்கள். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஆர்ட் பக்வால்ட், ஹாலிவுட் பட நிறுவனமான பாரமவுண்ட் மீது தொடுத்த வழக்கில், அதன் நிகர லாபக் கணக்கு முறையின் பல அம்சங்கள் நியாயமற்றவை என்று 1990-இல் கலிஃபோர்னியா நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்கைத் தொடாமல் சினிமா நிதி வகுப்பு நடத்துவது வீண்.

இசைத் தாளில் அடிப்படை ஒன்றுதான்: ஒரு பாட்டுக்கு இரண்டு பதிப்புரிமை (காப்பிரைட்). இசையும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி சர்வதேச அடையாளக் குறியீடு உண்டு: ஒலிப்பதிவுக்கு 12 எழுத்து-எண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி., இசையும் வரியும் சேர்ந்த படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. இரண்டும் தரவுத்தளத்தில் இணையாவிட்டால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், படைப்பாளிக்கான பணம் எங்கோ தேங்கி நிற்கும். பங்குதாரர்கள் தனித்தனியாகப் பதிந்து கூட்டுத்தொகை 105 சதவீதம் ஆகிவிட்டாலும் தகராறு தீரும்வரை பட்டுவாடா நிற்கலாம். பாட்டு பதிவான அன்றே, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிய ஸ்ப்ளிட் ஷீட்டில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தைச் செய்முறையாகக் கற்றுத் தருகிறார்களா என்று கேளுங்கள்.

நிகழ்ச்சி மேலாண்மைத் தாள் பெரும்பாலும் மேம்போக்கு. அரங்க அமைப்பு, ஸ்பான்சர் கடிதம் எல்லாம் வேலையில் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். நிகழ்ச்சி முடிந்த இரவு டிக்கெட் கணக்கையும் செலவு ரசீதுகளையும் வைத்துக் கலைஞர் தரப்போடு கணக்கு முடிப்பதைச் சொல்லித் தந்தால் மட்டும் உட்காரலாம்.

இன்டர்ன்ஷிப் என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். படப்பிடிப்பில் கூட்டத்தை விலக்கும் வேலைக்கும் அதே சான்றிதழ்தான். ஒப்பந்தப் பிரிவு, உரிமை விற்பனை, ராயல்டி கணக்குப் பிரிவு ஆகியவற்றில் இடம் தருகிறார்களா என்பதே கேள்வி. கதையை எழுதியவரிடமிருந்து தயாரிப்பாளர் வரை உரிமை கைமாறிய பத்திரங்களில் ஒன்று விடுபட்டாலும் ஓ.டி.டி. விற்பனை நின்றுவிடும். அந்தக் கோப்பை ஒருமுறை முழுதாகச் சரிபார்த்த மாணவருக்குத்தான் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

கட்டணம் கட்டுமுன் போன வருடத் தேர்வுத்தாளை வாங்கிப் பாருங்கள். 'பொழுதுபோக்குத் துறையின் முக்கியத்துவத்தை விவரி' என்ற ரகமாகவே இருந்தால் வேறு கல்லூரி தேடலாம். ஒப்பந்தப் பகுதி ஒன்றைக் கொடுத்து யாருக்கு எவ்வளவு வரும் என்று கேட்டிருந்தால் விண்ணப்பம் வாங்கலாம்.