சாமா, எஸ்ஆர்பியா? ஸ்டாக்கிங் அபாயத்தை மதிப்பிட நாங்கள் எடுத்த கருவி

விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கும் கேஸ்களை மதிப்பிடுகிற சின்னக் குழு எங்களுடையது. உளவியலாளர் நான் ஒருத்தி, காவல்துறையிலிருந்து ஒருவர், பாதிக்கப்பட்டவர்களுக்குத் துணை நிற்கும் ஆலோசகர்கள் இருவர். ஒரே ஒரு கருவியில் பயிற்சி எடுக்கத்தான் பணம் இருந்தது. கருவி என்றால் இங்கே இயந்திரம் இல்லை, எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லும் பட்டியலும் கையேடும். கடைசிச் சுற்றில் இரண்டு மிஞ்சின. ஒன்று 2008இல் கனடாவிலிருந்து வந்த எஸ்ஏஎம் (Stalking Assessment and Management). எங்கள் வாயில் அது ‘சாம்’, யாரோ பக்கத்து மேசைக்காரர் பெயர் மாதிரி. மற்றது அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் பால் முல்லன், ரேச்சல் மெக்கென்சி குழுவினர் கொண்டுவந்த எஸ்ஆர்பி (Stalking Risk Profile). சாமைத்தான் எடுத்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

பொதுவான வன்முறை அபாயத்துக்கென்று இருக்கும் கருவிகளை ஏன் விட்டோம் என்பதை நீட்ட வேண்டியதில்லை. அவை ‘இவர் அடிப்பாரா’ என்று கேட்கின்றன. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு ஒரு அடிகூட விழுந்திருக்காது. ஆனால் வேலையை விட்டிருப்பார்கள், நம்பரை மாற்றியிருப்பார்கள், இரவில் தூக்கம் போயிருக்கும். பிரிட்டனில் காவல்துறைக்கென்று உருவான பதினொரு கேள்விப் பட்டியலும் உண்டு. முதல் நாள் வடிகட்ட அது போதும். ஒரு கேஸை ஆறு மாதம் நடத்தப் போதாது.

சாம், எஸ்ஆர்பி இரண்டுமே மார்க் போட்டுக் கூட்டும் சமாச்சாரம் இல்லை. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்தாயா என்று வற்புறுத்தும். பார்த்த பிறகு முடிவு உன்னுடையது என்று விட்டுவிடும். இதுவரை இரண்டும் அண்ணன் தம்பி.

சாமில் முப்பது காரணிகள், மூன்று பத்தாக. முதல் பத்து, நடக்கிற தொல்லை எப்படிப்பட்டது என்பது: செய்தி அனுப்புகிறாரா, நெருங்கி வருகிறாரா, மிரட்டுகிறாரா, தீவிரம் கூடுகிறதா, போட்ட தடையை மீறுகிறாரா. அடுத்த பத்து, தொல்லை கொடுப்பவரைப் பற்றி: கோபம், வெறித்தனமான நினைப்பு, வருத்தமின்மை, போதைப் பழக்கம், வேலை, பணம். மூன்றாவது பத்து, பாதிக்கப்பட்டவருடைய நிலை: இருக்கும் இடம் பாதுகாப்பானதா, உதவி எட்டுமா, பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தைகளோ பெரியவர்களோ இருக்கிறார்களா. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’, சந்தேகமிருந்தால் ஒரு கேள்விக்குறி. பிறகு, இனி என்னென்ன நடக்கலாம் என்று சில காட்சிகளை எழுதிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று திட்டம் போடுவது.

எஸ்ஆர்பி வேறு வாசல் வழியாக நுழைகிறது. முதலில் நோக்கம் என்ன என்று கேட்கும். உறவு முறிந்ததை ஏற்காதவரா, அநியாயம் செய்துவிட்டார்கள் என்று வஞ்சம் வைத்தவரா, இல்லாத காதலை இருப்பதாக நம்பி நெருக்கம் தேடுபவரா, பழகத் தெரியாமல் மேலே விழுகிறவரா, வேட்டைக்காரன் போல நோட்டம் பார்ப்பவரா? முல்லனும் சகாக்களும் 1999இல் 145 பேரை ஆராய்ந்து சொன்ன ஐந்து வகைகள் இவை. வகையை முடிவு செய்த பிறகுதான் அதற்கேற்ற காரணிகள் விரியும். இன்னொரு நல்ல குணம், அபாயம் என்பதை ஒரே மூட்டையாகக் கட்டாது. வன்முறை தனி, தொல்லை நீடிப்பது தனி, நின்ற பிறகு மறுபடி தொடங்குவது தனி, மனசுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்படும் சேதம் தனி.

இந்தப் பிரிப்பு எவ்வளவு உபயோகம் என்பதை மறைக்க மாட்டேன். பழகத் தெரியாமல் மேலே விழுகிறவர் ஒரு கண்டிப்பான எச்சரிக்கையில் பெரும்பாலும் விலகிவிடுவார். ஆனால் அடுத்து வேறொருவரிடம் அதையே தொடங்குவார். நீடிக்கும் அபாயம் குறைவு, திரும்பும் அபாயம் அதிகம். மனநோயின் பிடியில் ‘அவளுக்கும் என்மேல் காதல்தான்’ என்று உறுதியாக நம்புகிறவர் நேர் எதிர். நீதிமன்ற உத்தரவை அவர் காதலின் சோதனையாக எடுத்துக்கொள்வார். சிகிச்சை இல்லாமல் அசையமாட்டார். இருவருக்கும் ‘நடுத்தர அபாயம்’ என்று ஒரே முத்திரை குத்தினால் யாருக்கும் பிரயோஜனமில்லை. சாம் இதை இவ்வளவு வெளிச்சமாகக் கேட்பதில்லை.

அப்புறம் ஏன் சாம்? மறுமதிப்பீடு. எங்களைப் பொறுத்தவரை இது ஒன்றே தீர்மானித்தது.

ஸ்டாக்கிங் கேஸ் நின்ற இடத்தில் நிற்காது. இரண்டு வாரத்தைத் தாண்டிய தொல்லை மாதக்கணக்கில் இழுக்க வாய்ப்பு அதிகம் என்று 2004இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. எங்களிடம் வரும் கேஸ் எல்லாமே அந்த இரண்டு வாரத்தை எப்போதோ தாண்டியவை. அந்த மாதங்களில் அவர் வேலை போகும், இவர் வீடு மாறுவார், உத்தரவு வரும், புதுத் துணை வரும். முதல் நாள் போட்ட மதிப்பீடு ஊசிப்போன சோறு. ஆகவே நான் கேட்ட கேள்வி இதுதான்: திரும்பத் திரும்ப மதிப்பிட யார் கைக்கு வரும்?

ஒரு கேஸ் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். முன்னாள் துணையிடமிருந்து நாளுக்கு முப்பது நாற்பது செய்திகள். ஆறு வாரம் கழித்து அந்தப் பெண் வந்தார். “இப்போ பரவாயில்லைங்க, சுத்தமா நின்னுடுச்சு” என்றார். நான் அன்று விடுப்பு. எங்கள் இளைய ஆலோசகர் வழக்கம்போல ஒரு புதுத் தாளை எடுத்து முப்பதையும் முதலிலிருந்து நிரப்பி, பழைய தாளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ‘செய்தி அனுப்புகிறார்’ என்ற இடத்தில் ஆம் என்பது இல்லை ஆகியிருந்தது. நல்ல சேதி. ஆனால் கீழே ‘வேலை, பண நெருக்கடி’ என்ற இடத்தில் இல்லை என்பது ஆம் ஆகியிருந்தது. முன்னாள் துணையின் வேலை போய்விட்டது என்பதை அந்தப் பெண்ணே பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். வேலை போன மனிதர் திடீரென்று ஏன் அமைதியானார்? ஆலோசகர் அந்தப் பெண்ணின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினார். நீல மையில் பக்கம் பக்கமாக ‘இன்று ஒன்றும் இல்லை’. நடுவே ஒரு ஓரத்தில், பேனா மாற்றி, சின்ன எழுத்தில்: ‘அதே சாம்பல் கார். மூன்றாவது தடவை.’ அது அவராக இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவேயில்லை. அவரிடம் கார் கிடையாதே. நண்பரின் கார் என்பது பிறகுதான் தெரிந்தது. ‘நெருங்கி வருகிறார்’ என்ற இடத்தில் அன்றைக்கு விழுந்த கேள்விக்குறியை வைத்துத்தான் கேஸை மேலே தூக்கினோம். அன்றே வேலையிடத்துப் பாதுகாப்புக்குச் சொல்லி, வீட்டுக்குப் போகும் வழியையும் நேரத்தையும் மாற்றினோம்.

எஸ்ஆர்பி இதைத் தவறவிட்டிருக்கும் என்று சொல்லவில்லை. வேலை இழப்பும் விரக்தியும் அதன் கண்ணிலும் படும். ஆனால் நோக்கத்தை வகைப்படுத்த மனநலப் பயிற்சி உள்ளவர் வேண்டும், எங்கள் குழுவில் அது நான் மட்டும். அந்தத் தாள் நான் திரும்பி வரும்வரை காத்திருந்திருக்கும். தவிர, நோக்கமே மாறிப்போகும் கேஸ்கள் உண்டு. சேர்ந்துவிடலாம் என்று தொடங்கியவர் பழிவாங்க முடிப்பார். அப்போது நிரப்ப வேண்டிய பட்டியலும் மாறுவதால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சிரமம். சாமில் எப்போதும் அதே முப்பது. தொல்லை கொடுப்பவர் யாரென்றே தெரியாவிட்டாலும் முதல் பத்தும் மூன்றாவது பத்தும் நிரம்பிவிடும். தெரிந்தாலும் அவரை நேரில் உட்காரவைத்துப் பேசும் வாய்ப்பு எங்களுக்கு அபூர்வம்.

சாமில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. மூன்றாவது பத்தில் ‘தொல்லை கொடுப்பவரிடம் மாறி மாறி நடந்துகொள்வது’ என்று ஒரு காரணி. முதல் பயிற்சியிலேயே எங்கள் மூத்த ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்: “பழியைத் தூக்கி இவங்க தலையில போடுறோமா?” அதற்குள் இருக்கும் விஷயம் நியாயமானதுதான். நாற்பது அழைப்புக்குப் பிறகு பொறுக்காமல் எடுத்து ‘நிறுத்து’ என்று கத்தினால், நாற்பது தடவை அடித்தால் எடுப்பாள் என்று அவன் கற்றுக்கொள்கிறான். ஆனால் அதைத் திட்டமாக எழுதும்போது ‘அழைப்புகளை எடுக்காமல் பதிவாக மட்டும் சேமித்து வைக்க உதவி தேவை’ என்றுதான் எழுதுகிறோம். அந்தக் காரணியின் பெயரைப் பாதிக்கப்பட்டவர் கண்ணில் படவிடுவதில்லை.

எஸ்ஆர்பியிலிருந்து ஒன்றை மட்டும் இரவல் வாங்கினோம். தாளின் கடைசியில் கையால் ஒரு வரி: ‘இவருக்கு இதில் என்ன கிடைக்கிறது?’ பதில் தெரியாவிட்டால் காலியாக விடலாம்.

பிரபலங்களைத் தொடர்கிறவர்களுக்கு எஸ்ஆர்பியில் தனிப் பட்டியலே இருக்கிறது. எங்களிடம் அப்படி வந்தது ஒரே ஒரு கேஸ். அதை வைத்துக்கொண்டு எது மேல் என்று நான் பேசக்கூடாது. முழுக்க இணையத்திலேயே நடக்கும் தொல்லையிலும் என் அனுபவம் குறைவு. பொருள் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஏர்டேக் என்ற சின்ன வில்லை 2021இல்தான் வந்தது. இரண்டு கருவியும் அதற்குப் பல ஆண்டு மூத்தவை. பைக்குள் போட்ட டிராக்கரை ‘நெருங்கி வருகிறார்’ என்பதில் சேர்ப்பதா, இல்லையா என்று எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம்தான்.

சிகிச்சை தரும் தடயவியல் மனநலப் பிரிவில் இருக்கிறீர்கள், தொல்லை கொடுப்பவர் வாரம் ஒருமுறை எதிரில் வந்து உட்காருகிறார் என்றால் எஸ்ஆர்பியையே எடுங்கள். அங்கே நான் இருந்தால் நானும் அதைத்தான் எடுப்பேன். எங்களைப் போலக் கலவையான குழு, பாதிக்கப்பட்டவர் வழியாக மட்டுமே செய்தி வருகிறது என்றால் சாம். எங்கள் ஃபைல்களில் அடுத்த மறுமதிப்பீட்டுத் தேதி வலது மேல் மூலையில் பென்சிலில் இருக்கும். பாதிக்கு மேல் ஒருமுறையாவது அழித்து முன்னால் இழுக்கப்பட்டவை.